கோ வீட்டுப் பிள்ளை

6 மார்ச், திங்கள்

ஊரெல்லாம் தூங்குகிற வேளையில் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். மணி ஒன்றேகால். மதி தூங்கினால்தான் எனக்குக் கை ஓய்கிறது. இன்று அவள் தூங்கவே பதினொன்றாகிவிட்டது. அண்ணனா, அக்காவா, தம்பியா என்றுகூடத் தெரியாத ஒருவருக்கு எப்படித் தொடங்குவது என்று யோசித்ததில் இன்னும் கொஞ்ச நேரம் போனது. ‘நீங்கள்’ என்றே எழுதுகிறேன். தம்பியாக இருந்தாலும் பரவாயில்லை.

என் பெயர் பூங்கோதை. வயது முப்பது. பட்டர்வொர்த்தில் குடியிருக்கிறேன். தமிழில் பட்டம் வாங்கித் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன், இப்போது நீண்ட விடுப்பு. கணவர் நெடுமாறனுக்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. மகள் நிறைமதிக்கு மூன்றரை வயது. நான் பிறப்பால் சீனப் பெண். எட்டு நாள் பிள்ளையாக என்னைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று எடுத்து வளர்த்தது. அந்தக் காலத்தில் நிறையப் பேர் வீட்டில் நடந்ததுதான். பள்ளியில் என்னை ‘அம்மோய்’, சீனப் பெண்ணே, என்று கூப்பிடுவார்கள். நான் தமிழில் திட்டுவேன், அதோடு சரியாகிவிடும்.

எனக்கு ரத்தப் புற்று. ஆகஸ்டில் கண்டுபிடித்தார்கள். நான்கு முறை மருந்து ஏற்றியதில் இப்போது அடங்கியிருக்கிறது. அடங்கியிருக்கும்போதே எலும்பு மஜ்ஜை மாற்றிவிட வேண்டும், ஏப்ரலைத் தாண்டக் கூடாது என்கிறார் டாக்டர். மஜ்ஜை தானம் செய்வோர் பதிவேடுகளில் தேடினார்கள், யாருடையதும் பொருந்தவில்லை. கூடப்பிறந்தவர் என்றால் நாலில் ஒரு வாய்ப்பு உண்டாம். கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது பொய் என்று பட்டது. எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இறந்துபோன அப்பாவின் பழைய சட்டைப்பை நோட்டில் அவர் கையால் எழுதிய ஒரு வரி இருக்கிறது. ‘கோ வீட்டுப் பிள்ளை. எட்டு நாள். ஜார்ஜ்டவுன், கொங்சிக்குப் பின்வரிசை.’ கொங்சி என்றால் ஒரே குலப்பெயர் கொண்ட சீனர்கள் கட்டிக்கொண்ட கோயில், சங்கம், முன்னோர் மண்டபம் எல்லாம் சேர்ந்தது. உங்களுக்குத் தெரியாததா.

இன்று மதியைக் கூட்டிக்கொண்டு பெர்ரியில் அக்கரைக்கு, ஜார்ஜ்டவுனுக்குப் போனேன். தெருவிலிருந்து பார்த்தால் இரண்டு கடைவீடுகளுக்கு நடுவே ஒரு சந்து வாசல்தான். உள்ளே போனதும் கருங்கல் முற்றம் விரிகிறது. கூரை முகட்டில் உடைந்த பீங்கான் சில்லுகளால் செய்த டிராகன்களும் குதிரை வீரர்களும். மதி அண்ணாந்து பார்த்து, மேலே இருப்பவர்கள் விழமாட்டார்களா என்று கேட்டாள். உள்ளே உத்தரத்தில் ஊதுவத்திச் சுருள்கள் கூம்பு கூம்பாகத் தொங்கிப் புகைந்தன. பக்க மண்டபத்தில், முன்னோர் பெயர் பொறித்த பொன்னெழுத்துப் பலகைகள் படி படியாக, செத்தவர்கள் எல்லாரும் பள்ளிப் படம் எடுக்க நிற்பதுபோல.

காவலாளி என்னிடம் உங்கள் சீனப் பேச்சான ஹொக்கியனில் ஏதோ கேட்டார். விழித்தேன். மறுபடி சத்தமாகக் கேட்டார். தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப் பெண்மணி, துடைப்பத்தை ஊன்றி நின்று, எனக்காக ஹொக்கியனில் பதில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மூஞ்சி சீனத்தி, வாயி தமிழச்சி. எனக்கு நேர் எதிரா இருக்கியே நீ.”

பெயர் சிந்தாமணி. இந்தச் சந்தில் மூன்று கோயில்களுக்கு இருபத்திரண்டு வருடமாக அவர்தான் துப்புரவு. கோயில் செயலாளரிடம் அழைத்துப் போனவரும் அவர்தான். செயலாளர் நல்லவர். குலப்பதிவேட்டை எடுத்து வைத்தார். பெண்பிள்ளைகளை அதில் எழுதுவதில்லை என்று, தானே அந்த விதியைப் போட்டதுபோலத் தலைகுனிந்து சொன்னார். ஆனால் ஆண்பிள்ளைகள் இருப்பார்கள். பின்வரிசையில் அந்த வருடம் குடியிருந்த கோ குடும்பங்கள் நாலு, விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.

நாலு குடும்பம். அதில் ஒன்று நீங்கள்.

7 மார்ச்

மதிக்குத் தானாகச் சோறு பிசைந்து சாப்பிடக் கற்றுக்கொடுத்தேன். பாதி தரையில்.

10 மார்ச், வெள்ளி

செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். முதல் குடும்பத்தில் பெண்ணே பிறக்கவில்லையாம். இரண்டாவது குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது, கடிதம் போட்டிருக்கிறார். அவர் நிதானமானவர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் தேநீர் குடிக்கிறார்.

மிளகாய்த்தூள், மல்லித்தூள், சோம்பு டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டினேன். எவ்வளவு நாளாகச் செய்ய நினைத்த வேலை. நெடுமாறனுக்குச் சீரகத்துக்கும் சோம்புக்கும் வித்தியாசம் தெரியாது.

14 மார்ச், செவ்வாய்

மூன்றாவது குடும்பத்தில் ஒரு பெண்ணைக் கொடுத்திருக்கிறார்கள் என்று செயலாளர் சொன்னபோது நான் பஸ்ஸில் இருந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த மலாய் அம்மா எழுந்து இடம் கொடுத்தார். பிறகுதான் செயலாளர் வருடத்தைச் சொன்னார். எழுபத்தொன்று. அந்தப் பெண்ணுக்கு இப்போது நாற்பத்தாறு வயது, ஈப்போவில் நலமாக இருக்கிறாளாம்.

பல் துலக்கினால் ரத்தம் வருகிறது. புது பிரஷ், முரடு.

18 மார்ச், சனி

நாலாவது குடும்பமும் இல்லை.

நெடுமாறனுக்கு இன்று விடுமுறை என்பதால் மதியை அவரிடம் விட்டுவிட்டுப் போனேன். செயலாளர் மன்னிப்புக் கேட்டார். பன்னிரண்டு நாள் போய்விட்டதே என்று நான் அவரிடம் சொல்லவில்லை. வெளியே வந்து கல்படியில் உட்கார்ந்துவிட்டேன். வெயில். சுற்றுலாப் பயணிகள் என்னையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள். கோயில் வாசலில் ஒரு சீனப் பெண், பொருத்தமாகத்தானே இருக்கும்.

சிந்தாமணி அக்கா வாளியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பா எழுதி வைத்ததைக் காட்டு என்றார். அப்பாவின் நோட்டைக் கொடுத்தேன். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர், விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“இது தமிழ்லயா எழுதியிருக்கு? இத ஏன் நீ அந்தாளுக்குச் சொல்லல?”

வாயால் சொன்னேனே, கோ என்று, என்றேன்.

“நீ வந்து நின்னது இந்தக் கோயிலு. நீ எப்படிச் சொன்னாலும் அவருக்குத் தன் பேருதான் காதுல விழும். தமிழ்ல ‘க’ ஒண்ணு. இவங்களுக்கு மூணுலா.”

என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் தன் வாய்க்கு முன்னால் நிறுத்தினார். மூன்று முறை ‘கோ’ என்றார். ஒன்று ‘தங்கம்’ என்பதில் வருகிற க, இந்தக் கோயில்காரர்களுடையது. இன்னொன்று ‘கண்’ என்பதில் வருகிறது, அது வேறு குலம். மூன்றாவது முறை என் உள்ளங்கையில் சூடாகக் காற்று அடித்தது. அது இன்னொரு குலம், அவர்களுக்குச் சந்தின் மறுமுனையில் சின்னக் கோயில் இருக்கிறது. மூன்றும் மூன்று எழுத்து, மூன்று முன்னோர், மூன்று பதிவேடு.

நான் மொழியியல் படித்தவள். ஒலிப்பு, மூச்சொலி என்று பக்கம் பக்கமாகப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். எங்கள் நெடுங்கணக்கில் ஒரே ஒரு க என்று பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அப்பா காதில் விழுந்ததைத் தமிழில் எழுதினார், நான் தமிழில் படித்தேன். பன்னிரண்டு நாள்.

19 மார்ச், ஞாயிறு

சுங்கைப்பட்டாணியில் இருக்கும் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். இதுவரை அவரிடம் இந்தத் தேடலைப் பற்றிச் சொல்லவில்லை. வளர்த்தவரிடம் எப்படிச் சொல்வது. சொன்னதும் டிவி சத்தத்தைக் குறைத்தார். முப்பது வருடமாக, ஏதாவது சீனத்தி நம் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாலே கதவைச் சாத்தியிருக்கிறேன் என்றார். பிறகு கேட்டார்.

“கெடச்சிட்டா உன்னக் கூட்டிட்டுப் போயிடுவாங்களாம்மா?”

இல்லைம்மா, கொஞ்சம் ரத்தம் மட்டும் கேட்கப் போகிறேன் என்றேன். அதன் பிறகுதான் நினைவிலிருந்ததைச் சொன்னார். அவர்கள் குலப்பெயர் உன் பெயருக்குள் எங்காவது இருக்கட்டும் என்றுதான் அப்பா கோதை என்று பெயர் வைத்தாராம். ஆனால் அதை வைத்து என்ன செய்வது? கோதை என்றால் ஒரு க, பூங்கோதை என்றால் இன்னொரு க. அப்பாவுக்கு எந்தக் க?

பிள்ளையைக் கொண்டுவந்து கொடுத்த ஆள் அந்தப் பெயரை எப்படிச் சொன்னான் என்று கேட்டேன். அம்மாவுக்குப் பெயர் நினைவில்லை. அப்பா சிரித்ததுதான் நினைவிருக்கிறது.

“பேரச் சொல்றப்ப அந்தாளு மூச்சு வாங்குன மாதிரி சொன்னான். உங்கப்பா, என்னய்யா சளி பிடிச்சிருக்கான்னு கேட்டாரு. அவனுக்குப் புரியல, மறுபடியும் அதே மாதிரிதான் சொன்னான்.”

காற்று அடிக்கிற கோ.

21 மார்ச், செவ்வாய்

சின்னக் கோயிலுக்குப் போனோம். இங்கே டிராகனும் இல்லை, பயணிகளும் இல்லை. இரு பக்கமும் பிஸ்கட் கடையும் மிதிவண்டி பழுதுபார்க்கிற கடையும், நடுவில் நாலு தூண். வாசலில் ஒரு பூனை. பொறுப்பாளர் காது மந்தமான ஓர் அபேக், சீனப் பெரியவர். சிந்தாமணி அக்கா அவர் காதில் கத்தினார், அவரும் திருப்பிக் கத்தினார். சண்டையோ என்று மதி என் காலைக் கட்டிக்கொண்டாள்.

பதிவேட்டில் இருக்கிறீர்கள்.

பெரிய கோயிலின் பின்வரிசை, ஏழாம் எண் வீடு. தகப்பனார் இறந்துவிட்டார். மகன்கள் இருவர். மூத்தவர் எங் சூன், எண்பத்து நான்கில் பிறந்தவர். இளையவர் எண்பத்தொன்பது, மெல்பர்னில் இருக்கிறார். நடுவே ஐந்து வருட இடைவெளி. அந்த இடைவெளியில் எதுவும் எழுதவில்லை. அந்த வெற்றுத் தாளை நான் விரலால் தடவிப் பார்த்தேன்.

இப்போது எங்கே குடியிருக்கிறார்கள் என்று அபேக்குக்குத் தெரியவில்லை. ஆனால் ஏப்ரல் இரண்டாம் தேதி முன்னோர் வழிபாடு, மூத்தவர் தவறாமல் வருவார் என்றார்.

அண்ணன் என்றே இனி எழுதலாம்.

25 மார்ச்

மதியை நாத்தனார் வீட்டில் இரவு தங்க வைத்துப் பார்த்தோம். பழகட்டும் என்றுதான். அழவில்லையாம். நல்லதுதான்.

29 மார்ச், புதன்

மருத்துவமனை. ரத்தம் எடுத்தார்கள். எண்கள் கொஞ்சம் மாறியிருக்கின்றன, அப்படி மாறுவது உண்டு என்றார் நர்ஸ். டாக்டர் நெடுமாறனை மட்டும் உள்ளே கூப்பிட்டார், ஏதாவது படிவமாக இருக்கும். வெளியே வந்து, ஐஸ்கிரீம் வாங்கி வருகிறேன் என்று கார் நிறுத்துமிடத்துக்குப் போனவர் அரைமணி கழித்து வெறுங்கையோடு வந்தார். கடை மூடியிருந்ததாம்.

முழங்கைக்குக் கீழே நீலமாக ஒரு தடம். மதி விளையாட்டில் பிடித்தது. பலசாலி.

1 ஏப்ரல்

நாளை.

2 ஏப்ரல், ஞாயிறு

எழுத வேண்டும்.

காலை எட்டு மணிக்கே சந்து நிறைந்திருந்தது. மேசையில் முழுப் பன்றி, வேகவைத்த கோழி, ஆமை வடிவச் சிவப்புப் பலகாரம், அடுக்கிய ஆரஞ்சு. ஆண்கள் வரிசையாக ஊதுவத்தி பிடித்துக் கும்பிட்டார்கள். நான் முகக்கவசம் போட்டுக்கொண்டு மதியோடு மிதிவண்டிக் கடை ஓரமாக நின்றேன். என் கண்களைப் போன்ற கண்களை அத்தனை பேரிடம் ஒரே இடத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சிந்தாமணி அக்கா உங்களை வெளியே கூட்டிவந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஊதுவத்திச் சாம்பல். நான் முகக்கவசத்தைக் கழற்றினேன். நீங்கள் நின்றுவிட்டீர்கள். நான் உங்கள் அம்மா ஜாடையோ? அதை நீங்கள் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன்.

எனக்கு மலாய் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனாலும் சிந்தாமணி அக்காதான் எல்லாம் சொன்னார். நோய், நாலில் ஒரு வாய்ப்பு, கொஞ்சம் ரத்தம். நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று, என் பிறந்த தேதி. நானே மலாயில் சொன்னேன், எண்பத்தாறு, நவம்பர். நீங்கள் விரல்விட்டு எண்ணினீர்கள். எண்ணி முடித்ததும் ஓர் அடி பின்னால் வைத்தீர்கள்.

அந்த ஓர் அடியை மதியும் பார்த்தாள். தானும் ஓர் அடி பின்னால் வைத்துச் சிரித்தாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்திருக்கிறாள்.

பிறகு நீங்கள் சொன்னதை அக்கா எனக்குத் தமிழில் சொன்னார். உங்களுக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்து பிழைக்க மாட்டீர்கள் என்று ஆகியிருந்தது. பிறந்திருப்பது, சீன வருடக் கணக்கில், புலி வருடத்துப் பெண், அண்ணனைத் தின்றுவிடும், வேற்று இனத்தார் வீட்டில் கொடுத்தால்தான் தோஷம் அறும் என்றார் ஜோசியர். கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டது. உங்கள் அம்மா இன்றும் அதைத்தான் நம்புகிறார், அவருக்கு இதயம் பலவீனம். எங்களுக்குத் தங்கை இல்லை, இனி இங்கே வர வேண்டாம்.

கடைசி வாக்கியத்தை நீங்களே மலாயில் சொன்னீர்கள். சத்தமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரித்தான் சொன்னீர்கள், அதையும் எழுதிவிடுகிறேன்.

சிந்தாமணி அக்கா ஹொக்கியனில் ஏதோ சொன்னார். ஊதுவத்தி பிடித்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டீர்கள். உங்களிடம் என்ன சொன்னார் என்று அக்காவைக் கேட்டேன். பெர்ரித் துறைவரை கூடவே நடந்து வந்தார். படகு வந்த பிறகு சொன்னார்.

“நீ உசுரோட இருக்கணும்னு அவ ஒரு தடவ வீட்ட விட்டுப் போயிட்டா. இன்னும் எங்க போகச் சொல்றன்னு கேட்டேன். வேற ஒண்ணும் கேக்கல.”

3 ஏப்ரல்

காய்ச்சல். வெயிலில் நின்றது. நெடுமாறன் வேலைக்குப் போகவில்லை, லீவு மிச்சம் இருக்கிறதாம். ரசம் வைத்தார். உப்பில்லை. நன்றாக இருக்கிறது என்றேன்.

4 ஏப்ரல், செவ்வாய்

நாளைக் காலை என்னை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். காய்ச்சல் என்பதால் முன்னெச்சரிக்கைக்கு.

மாலை சிந்தாமணி அக்கா பெர்ரி ஏறி வீட்டுக்கே வந்தார், கையில் பலாப்பழத்தோடு. இன்று காலை கோயில் திறப்பதற்கு முன்பே நீங்கள் வந்து வாசலில் காத்திருந்தீர்களாம். அவளிடம் நேரில் பேச முடியாது, அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன், அவளுக்கு என்ன வேண்டும் என்று எழுதித் தரட்டும், அக்கா படித்துச் சொன்னால் கேட்கிறேன் என்றீர்களாம். நான் ஒரு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னதும் அக்கா நோட்டைத் தூக்கிப் பார்த்தார், இவ்வளவையும் ஹொக்கியனில் சொல்ல எனக்கு இன்னொரு வாய் வேண்டும் என்றார்.

காலையில் அக்கா நோட்டை எடுத்துப் போக வருகிறார். மதி பக்கத்தில் தூங்குகிறாள். கடைசியாக எழுத வேண்டியதை இப்போதே எழுதிவிடுகிறேன்.

அக்கா, முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். உங்களைப் பற்றி எழுதியிருப்பதையும் விட வேண்டாம்.

அண்ணன், ஜோசியர் சொன்னது பொய் என்று நான் வாதாடப் போவதில்லை. உண்மை என்றே வைத்துக்கொள்வோம். நான் வெளியே போனதால்தான் நீங்கள் பிழைத்தீர்கள். சரி. நான் வெளியிலேயே இருக்கிறேன். உங்கள் வீட்டு வாசலுக்கு வர மாட்டேன், உங்கள் அம்மா கண்ணில் பட மாட்டேன், என் மகளையும் அனுப்ப மாட்டேன். என் பெயர் தமிழ்ப் பெயர், என் வீடு தமிழ் வீடு. கொடுத்த பிள்ளை கொடுத்ததாகவே இருக்கட்டும். பதிவேட்டில் அந்த இடம் வெற்றிடமாகவே இருக்கட்டும். எலும்பு மஜ்ஜை பொருந்தி, நான் பிழைத்து, நாளை எங்காவது பெர்ரியில் எதிரெதிரே உட்கார நேர்ந்தாலும் உங்களைத் தெரிந்ததுபோல் பார்க்க மாட்டேன். உங்கள் ரத்தம்தான் வெளியே வர வேண்டும், நான் உள்ளே வர வேண்டியதில்லை.

பரிசோதனைக்கு ஒரு சின்னக் குழாய் ரத்தம் போதும். மருத்துவமனையின் பெயரும் டாக்டரின் தொலைபேசி எண்ணும் கடைசிப் பக்க உறையில் இருக்கின்றன. ஆய்வுக்கூடம் வார நாட்களில் நாலு மணிவரை திறந்திருக்கும். உங்கள் பெயரை எனக்குச் சொல்ல மாட்டார்கள், கேட்டுவிட்டேன். உங்களால் முடியாது என்றால் மெல்பர்னில் இருப்பவரின் விலாசத்தையாவது சிந்தாமணி அக்காவிடம் கொடுங்கள். எண்பத்தொன்பதில் பிறந்தவரை நான் தின்றுவிடுவேன் என்று எந்த ஜோசியரும் சொல்லவில்லையே.

மதிக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரிகிறது. தலை பின்னத் தெரியாது. அதற்கு இன்னும் இரண்டு வருடமாவது வேண்டும்.

ஏப்ரல் முடிய இருபத்தாறு நாள் இருக்கிறது என்று எழுதினேன், அடித்துவிட்டேன். டாக்டர் நெடுமாறனிடம் சொன்னது அத்தனை நாள் இல்லை என்று எனக்குத் தெரியும். இந்த வாரமே ஒரு பதில் சொல்லுங்கள், அண்ணன். வியாழக்கிழமைக்குள் சொன்னால் நல்லது.